மந்தையில் நின்ற வண்டி

நான் பார்த்த வேலைக்கே வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். மதுரையில்தான் ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். "மேடம், எல்லாத் தரப்பு ஆளுகளையும் சேத்துக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு பட்ஜெட் வச்சிருந்தோம்ல, மொதல்ல அதைத்தான் வெட்டிட்டாங்க. கேட்டா, நிலைமை சரியில்ல, சரியானதும் பாத்துக்கலாம்கிறாங்க. நான் இப்ப என்ன செய்யிறது?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "மொதல்ல சாப்பிட்டியா?" என்று கேட்டேன். இல்லையாம். "போய் நாலு இட்லியைத் தின்னுட்டு வா. பட்ஜெட் எங்கயும் ஓடிப் போகாது, அதான் ஏற்கெனவே போயிருச்சே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பாவம், அந்தப் பெண் பதில் கேட்டாள், நான் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் ஒருத்திக்கு மட்டும் வந்த கேள்வியும் இல்லை. இந்த வருடம் உங்களில் பல பேர் இதே கேள்வியோடு என் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள். அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். தத்துவம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள், அதெல்லாம் என்னைவிட நீங்கள் அதிகம் படித்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு வண்டிக் கதை. அதைச் சொல்கிறேன்.

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில், குழந்தைகளுக்கான உடுப்புகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஃபேக்டரி ஒன்றில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்தேன். பிறகு பெர்சனல் ஆபீசர் என்றார்கள், கடைசியில் எச்.ஆர். மேனேஜர் என்றார்கள். கதவில் போர்டு மாறியதே தவிர மேசை மாறவில்லை. கம்பெனிப் பெயரையும் நான் சொல்லப்போகிற ஊரின் பெயரையும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னமும் ஆட்கள் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஊருக்கு ஒரே தார்ரோடு. ரோடு முதலில் ஊர்ப் பொதுவெளியான மந்தைக்கு வரும். மந்தையில் ஒரு வேப்பமரமும் ஒரு டீக்கடையும் உண்டு, ஊர்ப் பெண்கள் அங்கேதான் வண்டிக்கு நிற்பார்கள். மந்தையைத் தாண்டி வாய்க்கால் பாலத்தைக் கடந்தால் காலனி. ஊர்க்காரர் நிலங்களில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள், இப்போது பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெண்களை வேலைக்கு அனுப்பித் தலைநிமிர்ந்து வருகிறவர்கள். ரோடு அவர்களுடைய ரேஷன் கடைக்கு முன்னால் முடிந்துவிடும். வண்டியைத் திருப்புவதற்கு இடம் இருப்பதும் அந்த ரேஷன் கடை வாசலில் மட்டும்தான்.

நான் சேர்ந்த புதிதில் அந்த ஊருக்கு ஒரே வண்டி. மந்தையிலேயே எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பிறகுதான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பும். காலனிப் பெண்கள் நடந்து வந்து ஏற வேண்டும். ஊர்ப் பெண்கள் முதலில் ஏறி, டிபன் பையைப் பக்கத்து சீட்டில் போட்டுவிடுவார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் என்றால் துண்டு போட்டவர் வந்து உட்காருவார். இங்கே பை போட்ட சீட்டுக்கு ஃபேக்டரி கேட் வரைக்கும் யாரும் வர மாட்டார்கள். பை உட்கார்ந்து வரும், காலனிப் பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள்.

ஒருநாள் காலனிப் பெண் ஒருத்தி, உடம்பு முடியாமல் வந்தவள், ஒரு பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வண்டிக்குள் வாய்ச்சண்டை. மறுநாள் மந்தையில் ஆம்பளைகள் வந்து நின்றார்கள், அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்தது. காலனிக்காரர்கள் பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நிர்வாகம் உட்கார்ந்து பேசி, ரெண்டு வண்டி விட்டது. ஊர் வண்டி ஒன்று, காலனி வண்டி ஒன்று. அந்த முடிவில் நானும் கையெழுத்துப் போட்டேன். பெண்கள் அடிபடாமல் வேலைக்கு வந்துசேர வேண்டும், அப்போதைக்கு அது நடந்தது. ஆனால் அதைப் பெருமையாக ரிப்போர்ட்டில் எழுதினார்கள் பாருங்கள், அதுதான் கூத்து. 'நலிந்த குடியிருப்புப் பெண்களுக்குத் தனிப் போக்குவரத்து' என்று தலைப்பு. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து, காலனி வண்டிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது ரெண்டு பெண்களை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒருத்தி முத்துமாரி. காலனியிலிருந்து வந்து லைன் சூப்பர்வைசர் ஆன முதல் ஆள். லைன் என்றால் ஒரு சட்டையை ஆளுக்கொரு பாகமாகத் தைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடும் ஒரு வரிசை. அவளுடைய லைனில் ஊர்ப் பெண்களும் உண்டு, காலனிப் பெண்களும் உண்டு. புருஷன் இல்லை. ரெண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள்.

இன்னொருத்தி ராசாத்தி. அதே லைனில் காலர் தைக்கிறவள். ஊர்ப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. காலர் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, வாயிலும் அப்படித்தான். வண்டியில் யார் எங்கே உட்கார வேண்டும், எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். ஃபேக்டரிக்குள் முத்துமாரி அவளை 'அக்கா' என்பாள், அவள் இவளை 'மாரி' என்பாள். ஒருத்தி தைத்ததை இன்னொருத்தி சரிபார்ப்பாள், ஒரே டப்பாவில் ஊசி எடுப்பார்கள். கேட்டைத் தாண்டிவிட்டால் ஒருவரை ஒருவர் தெரியாது. நான் இதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

கெட்ட காலம் வந்தது. எங்கள் துணியை வாங்கும் நாட்டில் இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள், ஆர்டர் பாதியாகிவிட்டது. முதலாளி என்னைவிட வயதில் சின்னவர், அப்பாவுக்குப் பிறகு பொறுப்பை எடுத்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நாட்களில் பேங்க்காரன் போன் வந்தால் எழுந்து வெளியே போய்த்தான் பேசுவார். ஒருநாள் என்னையும் ஜி.எம்.மையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எதையெதை வெட்டலாம் என்று பேச்சு.

ஜி.எம். ஆரம்பித்தார். "மேடம், துணி வாங்குற கம்பெனி அனுப்புற கேள்விப் பட்டியல்ல அந்தப் பகுதியவே எடுத்துட்டாங்க. சமத்துவம், பன்முகம் அதெல்லாம் இனிமே யாரும் கேக்கப்போறதில்ல."

"கேட்டாத்தான் செய்வோமா சார்?" என்றேன்.

"கோவப்படாதீங்க. போஸ்டர், ட்ரெயினிங், வருஷாவருஷம் ஆளைக் கூட்டிட்டு வந்து பேச வைக்கிறோமே அது, எல்லாத்தையும் நிறுத்திடலாமா?"

நிறுத்துங்கள் என்றேன். கேன்டீன் சுவரில் பல நிறக் கைகள் கோத்த பெரிய போஸ்டர் ஒன்று இருந்தது. அதற்காகவும் நான் மூச்சு விடவில்லை. நான் சண்டைக்கு வருவேன் என்று தயாராக வந்திருந்த ஜி.எம்.முக்கு ஆச்சரியம். அடுத்ததாக, "காலனி வண்டியையும் நிறுத்திரலாம். கொஞ்ச தூரந்தானே, நடந்து மந்தைக்கு வந்து ஏறிக்கட்டும்" என்றார்.

இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். காசு குறையும்போது உங்கள் மேசைக்கு வருகிற ஒவ்வொரு வெட்டையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது போனால் நாளைக் காலையில் யார் வேலைக்கு வர முடியாமல் போவார்? போஸ்டர் போனால் யாரும் வேலையை விட்டு நிற்க மாட்டார்கள். பேச்சாளர் வராவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி, அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கலாம். ஆனால் காலனிப் பெண்களை மறுபடி மந்தைக்கு நடக்கச் சொன்னால், அடிபட்ட பெண்ணை மறக்காத அப்பன் ஆத்தா யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் முத்துமாரியின் லைன் காலி. லைனைக் கலைத்துவிட்டால் சூப்பர்வைசர் திரும்பவும் மெஷினுக்குப் போக வேண்டும், ஆட்குறைப்பு நேரத்தில் அந்த மெஷினும் நிச்சயமில்லை. காலனியிலிருந்து மேலே வந்த ஒரே ஆள் போய்விடுவாள். எல்லா விஷயத்துக்கும் மல்லுக்கட்டினால், மல்லுக்கட்ட வேண்டிய இடத்தில் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் போஸ்டரை விட்டேன்.

அதற்காக ரெண்டு வண்டியும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "ஒரு வண்டி போதும் சார். ஆனா ரூட்டை நாந்தான் போடுவேன்" என்றேன்.

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "ரூட்டு ஒங்க தலைவலி மேடம். எனக்கு டீசல் கொறையணும், அம்புட்டுத்தான்."

நான் போட்ட ரூட் ரொம்பச் சுலபம். வண்டி எங்கே திரும்புகிறதோ அங்கிருந்து ஆளை ஏற்றும். மந்தையில் நிற்காமல் போய், ரேஷன் கடை வாசலில் திரும்பி, காலனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, பிறகு மந்தைக்கு வந்து ஊர்ப் பெண்களை ஏற்றும். சீட்டில் பை வைக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். டவுன் பஸ் எல்லாம் கடைசி ஸ்டாப்பிலிருந்துதானே கிளம்புகிறது? இதில் என்ன புதுமை? ஆனால் டிரைவர் சுல்தான் பாய் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "மேடம், ஊர்க்காரவுக மந்தையில நிக்கையில, அவுகளைத் தாண்டிக் காலி வண்டிய ஓட்டிட்டுப் போகச் சொல்றீக. யா அல்லா! சரி, அவன் மேல பாரத்தைப் போட்டுட்டுப் போறேன்" என்றார்.

முதல் நாள் சண்டை வரும் என்று பயந்தேன். சண்டை வரவில்லை, அதைவிட மோசமான ஒன்று நடந்தது. ஊர்ப் பெண்கள் ஏறினார்கள், யாரும் உட்காரவில்லை. ராசாத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். காலனிப் பெண்கள் ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு சீட் காலி. சுல்தான் பாய் கேட்டில் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "சீட்டும் இருக்கு மேடம், உக்கார ஆளும் இருக்கு. ரெண்டும் சேர மாட்டேங்குது."

அடுத்த நாளிலிருந்து நானும் வண்டியில் போனேன். நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் என் வீட்டிலிருந்து, வண்டி நிற்கும் ஆரப்பாளையம் ஷெட்டுக்குப் போய், டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வேன். ரூட்டைப் போட்டவள் ஆபீசில் ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர்களைச் சோதனைக்கு அனுப்பக் கூடாது. பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. வாயைத் திறக்காமல் போய் வந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் முத்துமாரி என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், பழைய மாதிரி நாங்க மந்தைக்கே நடந்து வந்துர்றோம்."

"எதுக்கு?"

"நின்னுக்கிட்டு வாரது எங்களுக்குப் பழக்கந்தான். அதுல ஒண்ணும் வலி இல்ல. பக்கத்துல சீட்டு காலியா கெடக்க, அதுல உக்காராம கால் கடுக்க நிக்கிறாக பாத்தீகளா, அதைப் பாத்துக்கிட்டு உக்காந்து வரத்தான் முடியல. புதுசா வேலைக்குச் சேந்த பொண்ணுக அழுகுதுக மேடம்."

"நீ நடந்து வந்துருவ. அந்தப் பொண்ணுகளை அவுக வீட்டுல விடுவாகளா?" என்று கேட்டேன்.

"விட மாட்டாக."

"அப்ப ஒன் லைன் எப்படி ஓடும்?"

அவள் லைனுக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் போட்ட ரூட் சரியா தப்பா என்று எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், நம் வேலையில் பாதி நாள் அப்படித்தான் இருக்கும்.

கையில் மிஞ்சியிருந்த ஒரே பெரிய ஆர்டர் முடியும் நாள் வந்தது. சாயங்காலம் தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டும். அன்றைக்குக் காலையில் காலனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டி பாலத்தைக் கடந்து மந்தைக்கு வந்தால், ரோட்டுக்குக் குறுக்கே பைக் நிற்கிறது. பக்கத்தில் ராசாத்தியின் கொழுந்தன், அவனோடு நாலைந்து ஆட்கள். வேப்பமரத்தடியில் ஊர்ப் பெண்கள் நிற்கிறார்கள், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் இறங்கினேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"மேடம், ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்க வீட்டுப் பொம்பளைக இங்க காத்துக் கெடக்க, வண்டி எங்களைத் தாண்டி அங்கிட்டுப் போயி ஆளை ஏத்திட்டு வருது. இது என்ன புதுப் பழக்கம்? அவுகளை எறக்கி விடுங்க. எங்காளுக ஏறி உக்காந்தப்பறம் அவுக ஏறட்டும்."

"ரோடு அங்கதான் முடியுது தம்பி, வண்டி அங்கதான் திரும்பும். வண்டியில இருக்கிற யாரும் எறங்க மாட்டாக."

"அப்ப வண்டி போகாது."

"போக வேணாம். நிக்கட்டும். ஆனா வண்டி மேலயோ பிள்ளைக மேலயோ ஒரு கை பட்டுச்சு, அப்புறம் பேச்சு ஸ்டேஷன்லதான். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

போலீஸுக்குப் போன் செய்திருக்கலாம், சட்டம் நம் பக்கம்தான். ஆனால் போலீஸ் வந்தால் வண்டி அன்றைக்குப் போகும், மறுநாளும் அதற்கு மறுநாளும் முத்துமாரி அதே மந்தையைக் கடந்தாக வேண்டும். அதனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் போனே அடித்தது. முதலாளி. யாரோ அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், கன்டெய்னர் வந்து நிக்குது. காலர் தைக்க ஆள் இல்லாம மொத்த லைனும் நிக்குது. இன்னைக்கு மட்டும் அந்தப் பிள்ளைகளை எறக்கி விட்டுருங்க. நான் ஆட்டோ அனுப்புறேன். இன்னைக்கு மட்டும் மேடம். நாளைக்கு உக்காந்து பேசிக்கிருவோம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபேக்டரி மூழ்கினால் ஊரும் காலனியும் சேர்ந்துதான் மூழ்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளே, இந்த 'இன்னைக்கு மட்டும்' இருக்கிறதே, அதைக் கேட்டால் மட்டும் உஷாராகிவிடுங்கள். இனிமேல் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று எந்த முதலாளியும் உங்களிடம் சொல்லப் போவதில்லை. இன்னைக்கு மட்டும் என்றுதான் சொல்வார்கள். அவசரத்தில் நமக்கும் அது நியாயமாகத் தெரியும்.

"எறக்கி விட்டா நாளைக்குப் பேசுறதுக்கு அவுக இருக்க மாட்டாக சார்" என்றேன்.

"கன்டெய்னர் போகலைன்னா நீங்கதான் பொறுப்பு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பினால், முத்துமாரி வண்டிப் படியில் நிற்கிறாள். பின்னால் நாலைந்து பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "நாங்க எறங்கிக்கிறோம் மேடம். ஒங்களுக்கு எதுக்குப் பிரச்சினை" என்றாள்.

உட்காரு என்று அதட்ட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். நின்றிருப்பது என் வண்டி, என் ரூட். ஆனால் கல்லெறிந்தால் படப்போவது அவர்கள் மேல். அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக வீரம் காட்ட எனக்கு உரிமை இல்லை.

"மாரி, ஒனக்கு எறங்கணும்னு இருக்கா? இல்ல, எறங்குனா எங்களுக்கெல்லாம் நல்லதுன்னு எறங்குறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். மந்தையைப் பார்த்தாள். முகம் சிவந்து போயிற்று.

"எனக்கு எறங்கணும்னு இல்ல மேடம்" என்றாள். பிறகு பின்னால் திரும்பி, மந்தைக்கே கேட்கிற மாதிரி, "உக்காருங்கடி எல்லாரும்" என்று சொல்லிவிட்டுத் தானும் போய் உட்கார்ந்தாள்.

"பாய், வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றேன். சுல்தான் பாய் ஆஃப் செய்தார். "டீ குடிச்சுட்டு வாரதுக்கு நேரம் இருக்குமா மேடம்?" என்று கேட்டார். பேசாமல் உட்காருங்கள் என்று ஒரு முறை முறைத்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்தது. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கன்டெய்னர் நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தடியில் ராசாத்தி நின்ற இடத்தில் நிற்கவில்லை. மணி பார்த்தாள், ஃபேக்டரிப் பக்கம் பார்த்தாள், மறுபடி மணி பார்த்தாள். ஒருநாள் லீவு விழுந்தாலும் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். திடீரென்று கொழுந்தனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"பைக்க எடுங்க."

"மதினி, நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

"நான் ஒங்ககிட்ட வந்து பேசச் சொன்னேனா? வண்டிக்குள்ள யாரு உக்காரணும், யாரு நிக்கணும்னு பொம்பளைக நாங்க பாத்துக்கிருவோம். இத்தன வருசமா நாந்தான பாத்துக்கிட்டிருக்கேன்? இன்னைக்கு என்ன புதுசா நீங்க? ஒரு நாளாவது நீங்க அந்த மெஷின்ல உக்காந்திருப்பீகளா? பைக்க எடுங்கன்னா எடுக்கணும். இல்ல, எம் பிள்ளைக்கு நீங்க ஃபீஸ் கட்டுறீகளா? சொல்லுங்க, நான் இப்பிடியே வீட்டுக்குப் போறேன்."

டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவன் அங்கே இங்கே பார்த்தான், பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனான். பெரிய மனமாற்றம் ஒன்றும் இல்லை, ஆளுகளுக்கு முன்னால் மதினியிடம் மேற்கொண்டு வாங்கிக் கட்டிக்கொள்ள அவனுக்கு இஷ்டமில்லை. ராசாத்தியும் முத்துமாரிக்காகப் பேசவில்லை. தன் வண்டி விஷயத்தில் ஆம்பளை வந்து மூக்கை நுழைக்கிறானே என்றுதான் அவளுக்குக் கோபம். காரணம் எதுவாக இருந்தால் என்ன, வழி திறந்தது.

ராசாத்தி ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள். ரெண்டு பேர் மட்டும் ஏறாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏறியவர்கள் வழக்கம்போல உட்காரவில்லை.

லேட்டான வண்டியை சுல்தான் பாய் விரட்டினார். பரவை மார்க்கெட்டுக்கு முன்னால் காய்கறி லாரி ஒன்று குறுக்கே வர, பிரேக்கை ஒரு மிதி மிதித்தார். நின்றவர்கள் அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ராசாத்தி ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் டிபன் பை. ரெண்டையும் பிடிக்க முடியாமல் திண்டாடினாள். அவளுக்கு நேர் கீழே முத்துமாரி உட்கார்ந்திருந்தாள்.

முத்துமாரி கையை நீட்டினாள். "அக்கா, பையைக் குடுங்க, நான் வச்சுக்கிர்றேன்."

நம் ஊர் பஸ்ஸில் இது ஒரு விஷயமே இல்லை. நிற்கிறவரின் பையை, குழந்தையைக்கூட, உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், யார் எவர் என்று கேட்பதில்லை. ஆனால் அது சோறு இருக்கிற பை, நீட்டினது காலனிக் கை. கேட்டுக்கு வெளியே முத்துமாரி அவளை அக்கா என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. மொத்த வண்டியும் பார்த்துக்கொண்டிருந்தது. லாரி ஒதுங்குகிற வரைக்கும் ராசாத்தி அந்தக் கையையே பார்த்தாள்.

"கொழம்பு இருக்கு. சாச்சிராத" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சுல்தான் பாய் பார்த்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கன்டெய்னர் லேட்டாகத்தான் போனது, ஆனால் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன், முதலாளியிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றைக்கு ஏறாத ரெண்டு பேரும் அப்புறம் வரவே இல்லை. காலனியில் ஒரு பெண்ணை அவள் அப்பா பயந்துகொண்டு நிறுத்திவிட்டார், நான் வீட்டுக்கே போய்ப் பேசியும் அனுப்பவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முத்துமாரியின் லைன் கலையவில்லை. உட்கார ஆரம்பித்தது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் வண்டியில் போவதை நிறுத்தியிருந்தேன். ஒருநாள் கேட்டில் நின்றபோது வண்டி வந்தது, யாரும் நிற்கவில்லை. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் எழுதலாமா என்று ஜி.எம். கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

போன் செய்த பெண்ணே, இட்லி சாப்பிட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். உன் பட்ஜெட்டில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்காதே. யாராவது ஒருத்தர் வேலைக்கு வருவது எதை நம்பி இருக்கிறது என்று பார். அது ஒரு வண்டியாக இருக்கலாம், ஒரு கக்கூஸாக இருக்கலாம், ஷிப்ட் நேரமாக இருக்கலாம். அதை மட்டும் விடாதே. அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அந்த ஒருத்தரையும் கேள்.

நிலைமை சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள் அல்லவா, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆர்டர் திரும்ப வந்தது. முதலாளி சந்தோஷமாக என் அறைக்கே வந்தார். "மேடம், இப்பக் கையில காசு இருக்கு. காலனி வண்டிய மறுபடி விட்டுருவோமா? பாவம், அவுக தனியா நிம்மதியா வரட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

ராசாத்தியிடம் சொன்னேன். "எதுக்கு? அப்பறம் எம் பையை யாரு வச்சுக்கிறது?" என்று கேட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பிக்கொண்டாள்.

முத்துமாரியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டையின் காலரை விளக்குக்கு நேராகப் பிடித்து, தையலைப் பார்த்து, மடித்து வைத்தாள்.

"ரெண்டு வண்டி விடுங்க மேடம், ஆளு கூடிருச்சு, நல்லதுதான்" என்றாள். "ஆனா ரெண்டுமே எங்க ரேஷன் கடை வாசல்ல இருந்துதான் கெளம்பணும்."